பத்தாம் சானல்

மாரப்பன் வரவில்லை.
ஈரோட்டில் இருநூறு கூடுதலாம்.
பல்லடம் ரோட்டு மண்டபத்தில் மணி ஏழு இருபது.
பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேற
இன்னும் பத்து நிமிசம்.
டிரம்ஸ் இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ரோஸ்மில்க் கேனை
இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என்னிடம் ஒரு பென்டிரைவ் இருந்தது.
போன ஆடியில், எங்கள் வீட்டு மாடியில்,
கீபோர்டுக் கட்டைகளையே தோலாக்கி
இரண்டு விரலால் அவர் அடித்துக் கொடுத்த
பதினான்கு பாட்டு.
எல்லாம் சேர்ந்து
ஒரு கல்யாண போட்டோவின் எடைகூட வராது.
அதில் சத்தமே கிடையாது.
எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தி,
எப்போது விட்டது, அவ்வளவுதான்.
துணி வராமல் அளவுச் சீட்டு மட்டும்
கம்பெனிக்கு வந்து சேர்வதுபோல.

வாடகைக் கீபோர்டு அதை வாங்கிப் பார்த்து
படிக்க முடியாது என்றது.
பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள் நான்.
ஓட்டை எங்கே என்று விரலுக்குத் தெரியும்.
பைல் ஒன்றாம் வகை:
ஒவ்வொரு வாத்தியமும்
தனித்தனிக் கோனில் சுற்றிய நூல்.
முதல் கோன் எதையும் வாசிக்காது,
வேகத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்,
எங்கள் சூப்பர்வைசர் மாதிரி.
இந்தப் பழைய பெட்டிக்கு
சுழி வகைதான் செரிக்கும்,
எல்லா நூலும் ஏறிப் பின்னிய ஒற்றைத் துணி.

வீடியோக்காரப் பையனிடம் லேப்டாப் கேட்டேன்.
"சார்ஜ் கம்மிங்க்கா" என்றபடியே தந்தான்.
ஒரே தடமாக்கிச் சேமித்தேன்.
ஒன்றாகிவிட்டாலும் பயமில்லை;
ஒவ்வொரு தட்டலும் தன் சானல் எண்ணை
மடியில் முடிந்துகொண்டுதான் போகும்.
வேண்டுமானால் பிறகு பிரிக்கலாம்.
எங்கள் தோட்டத்துப் பாகத்தில்
இந்த வசதி இருந்ததில்லை.

ஸ்டார்ட் அழுத்தினேன்.
புல்லாங்குழல்.
டிரம்ஸ் விழவேண்டிய இடமெல்லாம்
அடித்தொண்டையில் ஒரு புல்லாங்குழல்
விக்கல் எடுத்தது.
"ஏனுங் அம்மிணி,
மாடு எங்காச்சும் மாட்டிக்கிச்சுங்களா?"
முன்வரிசைப் பெரியவர் நிஜமாகவே கேட்டார்.

பத்து என்றுதான் போன வாரம் தட்டியிருந்தேன்.
லேப்டாப் சுழியிலிருந்து எண்ணும்,
கீபோர்டு ஒன்றிலிருந்து.
அதன் பத்து, இதன் பதினொன்று.
பதினொன்றில் நான் குடிவைத்திருந்தது குழலை.
மற்ற பதினைந்து வீட்டிலும் எண் என்றால் சுருதி,
ஏறினால் கீச்சு, இறங்கினால் கனம்.
பத்தில் மட்டும் எண் ஒரு கதவு:
முப்பத்தாறைத் தட்டினால் கிக்,
முப்பத்தெட்டில் ஸ்னேர்.
தட்டியவர் சரியாகத்தான் தட்டியிருக்கிறார்.
தெரு மாறிவிட்டது.

ஒன்பது என்று மாற்றினேன்,
பதினான்கு பாட்டிலும்.

மாரப்பன் வந்தார்.
நாலாவது அடி எப்போதும்போல
ஒரு மயிரிழை பிந்தி.
ஆள்காட்டி விரல்
காலர் மிஷினில் நசுங்கிய வருசத்திலிருந்து
அதன் அழுத்தம் எழுபதைத் தாண்டாது;
பக்கத்து விரல் நூற்றுப் பத்து.
எல்லா அடியையும் கோட்டில் நிறுத்த
ஒரு பொத்தான் உண்டு.
நான் அதைத் தொட்டதில்லை.
மூன்றாம் பாட்டின் நடுவே இரண்டு சுற்று வெறுமை:
அன்றைக்கு அவருக்குப் போன் வந்தது.
அந்த இடத்தை ஜெபராஜ்
கிட்டாரை இழுத்து நிரப்பினான்.

கடைசிப் பாட்டில்
ஒரு ஆர்கன் சுரம் நிற்கவே இல்லை.
அழுத்தியதற்குச் செய்தி இருக்கிறது;
விட்டதற்கான செய்தி
ஒட்டும்போது எங்கோ உதிர்ந்துவிட்டது.
பந்திக்குப் போகும் கூட்டத்தின் தலைக்குமேல்
அது பாட்டுக்கு நீண்டது.
ஒரு குழந்தை மட்டும்
காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது.
ஒயரைப் பிடுங்கினேன்.

மண்டபத்துக்குப் பின்னால்
டெம்போவின் முகப்பு வெளிச்சத்தில்
குமரவேலு பணம் பிரித்தார்.
"அஞ்சு பேர்" என்றார்.
"ஆறுங்க."
"ஆறாவது யாருங் வசந்தாமணி?"
"பத்துங்க."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்,
ஒன்றிலிருந்து.